மூன்று முறை ஜாம் ஆன ஓர் ஆர்எக்ஸ்இசட்: பெஸ்தாரி ஜெயாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி: யமஹா ஆர்எக்ஸ்இசட், கடைசி வருடங்களில் வந்த, கேட்டலைசர் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உள்ள மாடல். 133 சிசி, டூ ஸ்ட்ரோக், காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், போர் 56 மி.மீ., ஸ்ட்ரோக் 54 மி.மீ. ஓட்டுபவர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தோட்டத்துச் செம்மண் பாதையில் பாதி, தார் சாலையில் பாதி என்று தினமும் ஓடும் வண்டி. இடம் பெஸ்தாரி ஜெயா. பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். மலாயாவில் செம்பனையை முதன்முதலில் வாணிபப் பயிராக 1917-இல் நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள், லாரித் தடம், புழுதி, மழை வந்தால் சேறு.

புகார் ஒரே வரி: “அண்ணே, சூடானா நின்னுடுது, ஆறினா ஓடுது.” முழு திராட்டிலில் சில நிமிடம் ஓடினால் வேகம் தானாகக் குறையும், பின்சக்கரம் இறுகும், இன்ஜின் நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகி நிற்பதைத்தான் ஜாம் என்கிறோம். ஒன்றரை வருடத்துக்குள் இது மூன்றாவது ஜாம். இரண்டு முறை சிலிண்டர் போர் செய்யப்பட்டு (உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி), இப்போது 0.75 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டனில் நிற்கிறது. மீதம் இருப்பது 1.00 மட்டும்.

இந்த வண்டியை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஆர்எக்ஸ்இசட் 1985 முதல் 2011 வரை மலேசியாவில் விற்ற மாடல். அது நின்றதற்குப் புகை விதிதான் காரணம் என்று டவுனில் எல்லோரும் சொல்வார்கள், அதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் இந்த வண்டி மூன்று முறை ஜாம் ஆனதற்கு விதி காரணமில்லை. விதிக்காக வைத்த ஒரு பாகம் அடைத்துக்கொண்டது, அதைச் சரியாகப் பார்க்காமல் வெட்டினார்கள், வெட்டியதால் வந்த கோளாறுக்கு வேறொரு பாகத்தைக் கழற்றினார்கள். ஒவ்வொரு ரிப்பேரும் அடுத்த ஜாமுக்கு வழி செய்துகொடுத்தது.

முன்கதை

ஓட்டுபவரிடம் பழைய ரசீதுகள் இருந்தன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தபோதே பாதி விஷயம் புரிந்துவிட்டது.

முதலில் வண்டி இழுக்கவில்லை. மேடு ஏறாது, 60-க்கு மேல் முக்கும். எக்ஸாஸ்ட் பைப்புக்குள் இருக்கும் கேட்டலைசர் அடைத்திருந்தது. மலிவான டூ-டி (டூ ஸ்ட்ரோக்) எண்ணெய் ஊற்றினால் இது நடக்கும். சிலர் மிச்சம் மீதி இன்ஜின் எண்ணெயைக்கூட டூ-டி தொட்டியில் ஊற்றுவார்கள். ஃபோர் ஸ்ட்ரோக் எண்ணெயில் உள்ள சாம்பல் தரும் சேர்மங்கள் எரிந்து தீராமல் கேட்டலைசரின் தேன்கூடு போன்ற சல்லடையில் படிந்துவிடும். ஒரு பட்டறையில் பைப்பை வெட்டிக் கேட்டலைசரை எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் போட்டுக் கொடுத்தார்கள். வண்டி பறந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மெயின் ஜெட்டை யாரும் தொடவில்லை.

இரண்டு மாதத்தில் முதல் ஜாம். டூ-டி எண்ணெயை இன்ஜினுக்குத் தானாக அனுப்புவது ஆட்டோலூப் பம்ப். “ஆட்டோலூப் பம்ப் சரியில்லை, எண்ணெய் போகலை” என்று முடிவு செய்து, 0.50 போர் போட்டு, பம்ப்பைக் கழற்றி அடைத்து, பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றச் சொன்னார்கள். பம்ப் சோதிக்கப்பட்டதாக எந்த ரசீதிலும் இல்லை. சில மாதம் கழித்து இரண்டாவது ஜாம், 0.75 போர். இப்போது மூன்றாவது.

திறப்பதற்கு முன்

ஜாம் ஆன டூ ஸ்ட்ரோக்கை உடனே திறந்து போருக்கு அனுப்புவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. திறந்துவிட்டால் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. இன்ஜின் முழுசாக இருக்கும்போதே செய்ய வேண்டிய சோதனைகள் உண்டு, அவற்றுக்கு அரை மணி நேரம் போதும்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளை, ஓரங்களில் பொடிப்பொடியாக அலுமினியத் துகள். கலவையில் பெட்ரோல் குறைந்து ஓடிய அடையாளம். பிளக் எண்ணும் தவறு: என்ஜிகே 7 போட்டிருந்தார்கள். என்ஜிகே எண்ணில் இலக்கம் குறையக் குறைய பிளக்கின் சூடு கூடும். எண்ணெய் பிடித்து பிளக் நனைகிறது என்று சூடான பிளக் போடுவது ஒரு பழக்கம். நனைவதற்கான காரணம் அப்படியே இருக்கும், சூடு மட்டும் ஏறும். சிலிண்டர் துடுப்புகளுக்கு இடையில் சேறு காய்ந்து கல்லாகியிருந்தது, அதையும் குறித்துக்கொண்டோம். ஏர் ஃபில்டரின் ஃபோம் பக்கவாட்டில் கிழிந்திருந்தது.

அடுத்தது கசிவுச் சோதனை. கார்புரேட்டரைக் கழற்றி இன்டேக் ரப்பர் வாயை ரப்பர் அடைப்பால் மூடி, எக்ஸாஸ்ட் துளையைத் தகடும் ரப்பரும் வைத்து மூடி, கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்ற வேண்டும். அதற்கு மேல் ஏற்றக்கூடாது, கிராங்க் சீல்கள் (சுழல்தண்டின் இரு பக்கமும் காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்கள்) பிதுங்கிவிடும். நல்ல இன்ஜினில் ஆறு நிமிடம் வரை நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் இறங்காது. இந்த வண்டியில் ஒரு நிமிடத்துக்குள் முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

சோப்புத் தண்ணீர் தெளித்தபோது இரண்டு இடத்தில் நுரை. ஒன்று, இன்டேக் பக்கத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் குப்பிக்குப் போகும் ரப்பர் குழாய். யெய்ஸ் என்று யமஹா பெயரிட்ட அமைப்பு. பழைய வண்டிகளில் இந்தக் குழாய் வெயிலிலும் பெட்ரோலிலும் நொந்து அடிப்பக்கம் வெடித்திருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. இன்னொன்று இடது பக்கம், மேக்னெட் ஃப்ளைவீலுக்குப் பின்னால் இருக்கும் கிராங்க் சீல்.

டூ ஸ்ட்ரோக்கில் இரண்டு கிராங்க் சீல்களும் இரண்டு விதமாகக் கெடும். வலது பக்கச் சீல் கிளட்ச் பக்கம் இருக்கிறது. அது போனால் கியர் எண்ணெயை இன்ஜின் உறிஞ்சும்: விடாத வெள்ளைப் புகை, பிளக் நனையும், கியர் எண்ணெய் குறைந்துகொண்டே போகும். இடது சீல் போனால் வெறும் காற்றை உறிஞ்சும். புகை வராது, வண்டி முன்னைவிடச் சுறுசுறுப்பாகக்கூட இருக்கும், ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், திராட்டிலை விட்டாலும் வேகம் உடனே குறையாது. அதை யாரும் கோளாறாக நினைப்பதில்லை. பிஸ்டனை உருக்குவது இந்த இடது சீல்தான்.

திறந்த பின்

பிஸ்டனில் கீறல் எங்கே என்பதைப் பார்த்தால் ஜாமின் காரணம் பாதி தெரியும். நான்கு மூலையிலும் செங்குத்தாக நான்கு கீறல் இருந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி போதவில்லை, அல்லது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடனே முறுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் ஒரே மாதிரி தேய்ந்து மங்கியிருந்தால் எண்ணெய் இல்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் அகலமாக இழுபட்டிருந்தால் சூடு, பெரும்பாலும் பெட்ரோல் குறைந்த கலவை. இந்தப் பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு அலுமினியம் இழுபட்டிருந்தது, மற்றப் பக்கங்களும் கொஞ்சம் மங்கியிருந்தன. சூடு முதல் காரணம், எண்ணெய்க் குறைவு இரண்டாவது.

எண்ணெய்க் கணக்கை ஓட்டுபவரிடம் கேட்டபோது, “ஐந்து லிட்டருக்கு மூன்று மூடி” என்றார். மூடியை அளந்தோம்: 25 மி.லி. மூன்று மூடி 75 மி.லி., அதாவது ஏறத்தாழ 67-க்கு 1. கலந்து ஊற்றும் காற்றுக்குளிர் இன்ஜினில், சுமையோடு ஓடும் வண்டிக்கு, 25 முதல் 30-க்கு 1 என்ற அளவு வேண்டும். ஐந்து லிட்டருக்கு 30-க்கு 1 என்றால் 167 மி.லி., 25-க்கு 1 என்றால் 200 மி.லி. பாதிக்கும் குறைவான எண்ணெயில் அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஸ்டேஷனில் நின்று மூடியால் அளப்பது இப்படித்தான் முடியும், அதில் அவர்மேல் குறையில்லை. அளவுக் குவளை கொடுக்காமல் பம்ப்பைக் கழற்றியது தவறு.

பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பெட்ரோலில் எண்ணெய் கலந்தால் ஜெட் வழியே போகும் ஒவ்வொரு துளியிலும் பெட்ரோல் அந்த அளவு குறையும். 25-க்கு 1 கலவையில் ஏறக்குறைய 4 விழுக்காடு. ஆட்டோலூப்பில் எண்ணெய் தனிக் குழாயில் போவதால் இந்தக் குறை இல்லை. ஆக பம்ப்பைக் கழற்றிக் கலந்து ஊற்றினால் ஜெட்டைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். கேட்டலைசரை வெட்டியபோது எக்ஸாஸ்ட் தடை குறைந்து இன்ஜின் அதிகக் காற்றை இழுத்தது, ஜெட் மாறவில்லை. கிழிந்த ஃபில்டர், வெடித்த குழாய், போன சீல், குறைந்த பெட்ரோல், குறைந்த எண்ணெய். இதில் ஒன்று மட்டும் இருந்தால் வண்டி தாங்கியிருக்கலாம்.

செய்த வேலை

மூன்று முறை ஜாம் ஆன இன்ஜினில் அலுமினியத் துகள் கிராங்க்கேஸில் இறங்கியிருக்கும். மேல்பகுதியை மட்டும் மாற்றினால் அந்தத் துகள் கனெக்டிங் ராடின் அடி பேரிங்கைத் தின்னும். அதனால் கேஸைப் பிரித்துக் கழுவினோம். ராடை மேலும் கீழும் இழுத்துப் பார்த்ததில் ஆட்டம் இல்லை, பக்கவாட்டில் மட்டும் சிறிது அசைவு. அது இருக்க வேண்டியதுதான். கிராங்க் பேரிங்குகளும் இரண்டு சீல்களும் புதிது. ஃப்ளைவீலைக் கழற்ற அதற்கான புல்லர் வேண்டும். சுத்தியலால் தட்டினால் கிராங்க்கின் முனை திருகு கெட்டு, கதை வேறு பக்கம் போய்விடும்.

கேஸைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கேஸ் உடைந்திருந்தால் பழைய கேஸ் ஒன்றை வாங்கிப் போடுவது சுலபம்போலத் தெரியும். ஆனால் இன்ஜின் எண் அதில்தான் இருக்கிறது. கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றில்) உள்ள எண்ணோடு பொருந்தாத இன்ஜினோடு சாலைத் தடுப்பில் நின்றால் வண்டி திரும்பி வராமல் போகலாம். கிராண்ட் இல்லாமல் விற்கும் கேஸ் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆர்எக்ஸ்இசட் திருட்டுப் பொருளாகவும் ஆகிவிட்ட வண்டி என்பதை மறக்கக்கூடாது. மாற்ற வேண்டியிருந்தால் முதலில் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்துத் துறையில்) முறைப்படி செய்துவிட்டுப் போட வேண்டும்.

சிலிண்டருக்கு 1.00 போர் போடவில்லை. கடைசி அளவை இப்போதே தின்றுவிட்டால் அடுத்த முறை ஒன்றும் இருக்காது. அதற்குப் பதில் சிலிண்டருக்குள் இருக்கும் பழைய இரும்பு ஸ்லீவை (உறையை) எடுத்துப் புது ஸ்லீவ் போட்டு, 56.00 ஸ்டாண்டர்ட் பிஸ்டனுக்கு அளவெடுத்துப் போர் செய்யச் சொன்னோம். இடைவெளி 0.05 மி.மீ. சுற்று. பிஸ்டனை முதலில் கொடுத்து அதை அளந்து போர் செய்யச் சொல்ல வேண்டும், அளவைச் சொல்லி மட்டும் அனுப்பக்கூடாது. சந்தையில் வரும் பிஸ்டன்கள் பெட்டியில் எழுதிய அளவில் இருப்பதில்லை. போர் முடிந்து வந்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) ஓரங்களைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கூர்மையாக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். அரை மி.மீ. அளவுக்கு ஓரத்தைச் சாய்த்து மழுக்க வேண்டும். ஸ்லீவ் மாற்றியதால் போர்ட் வாசல்கள் பழைய சிலிண்டரின் வாசல்களோடு சேர்கின்றனவா என்பதையும் பார்த்தோம். ஒன்றில் ஒரு மி.மீ. படி நின்றது, அதை அரைத்துச் சரிசெய்தோம். பிஸ்டன் மேல் இருக்கும் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம், ரிங்கின் வெட்டு பிஸ்டன் பள்ளத்தில் இருக்கும் சிறு பின்னில் (ஊசியில்) உட்கார வேண்டும்.

ஆட்டோலூப் பம்ப் திரும்ப வந்தது. ஓட்டுபவர் பழைய பம்ப்பைத் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார், அது ஒன்றுமே கெட்டிருக்கவில்லை. போட்ட பிறகு காற்று எடுப்பதுதான் முக்கியம்: தொட்டியில் எண்ணெய் நிரப்பி, பம்ப்பின் காற்று ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் வராமல் எண்ணெய் மட்டும் வரும் வரை விட்டு இறுக்க வேண்டும். பம்ப்பிலிருந்து இன்டேக்குக்குப் போகும் சிறு குழாயும் எண்ணெயால் நிறைந்திருக்க வேண்டும். கேபிளை இழுத்துப் பம்ப்பின் குறியைச் சேர்த்து வைக்க வேண்டும். முதலில் ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு 100 மி.லி. எண்ணெய் என்று கலந்தும் ஊற்றினோம். பம்ப் வேலை செய்கிறதா என்று உறுதியாகும் வரை அது காப்பு. தொட்டியில் கோடு போட்டு எண்ணெய் இறங்குவதைப் பார்த்துக்கொண்டோம். எண்ணெய் ஜாஸோ எஃப்சி அல்லது எஃப்டி தரம், அதற்குக் கீழே வேண்டாம்.

எக்ஸாஸ்ட் பைப்தான் தேடலாக ஆனது. வெட்டிய பைப்பின் வெல்டிங் விட்டிருந்தது. கேட்டலைசர் பைப் புதிதாகக் கிடைப்பது இப்போது அரிது. சாலையில் சத்தமாகப் பாயும் விலை குறைந்த ரேஸ் பைப்புகள் ஏராளம் உண்டு, ஆனால் அவற்றைப் போட்டால் புகை, சத்தம் இரண்டுக்கும் சமான் (அபராதம்) வரும். 1987-ஆம் வருட மோட்டார் வாகனச் சத்த விதியும் 2003-இன் மோட்டார்சைக்கிள் புகை விதியும் சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன. இறுதியில் பழைய ஓரி (ஒரிஜினல்) பைப் ஒன்று கிடைத்தது, பாதி அடைத்த கேட்டலைசரோடு.

டூ ஸ்ட்ரோக் பைப்பைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கார்பனைக் கரைப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கும். கேட்டலைசர் உள்ள பைப்பில் அதைச் செய்யவே கூடாது. வேலை செய்யும் உலோகத்தைத் தாங்கும் பூச்சு அலுமினியம் ஆக்சைடு, அதைக் காஸ்டிக் கரைத்துவிடும். கேஸ் டார்ச்சால் சிவக்கக் காய்ச்சுவதும் அந்தப் பூச்சைச் சாகடிக்கும். வெந்நீரும் சோப்பும் ஊற்றி எதிர்த்திசையில் பல முறை அலசி, உலர்த்தி, பைப்பைக் குலுக்கிப் பார்த்தோம். உள்ளே கடகடவென்று சத்தம் வந்தால் சல்லடை உடைந்துவிட்டது என்று பொருள், வரவில்லை. காற்று ஊதும் மெஷினை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டதில் அடைப்பு நன்றாகவே குறைந்திருந்தது. வெட்டிய பைப்போடு வேகமாக ஓடிப் பழகியவருக்கு இந்தப் பைப் கொஞ்சம் மந்தமாகத் தெரியும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டோம்.

ஜெட் போடுவது கசிவு சரியான பின்தான். கசிவோடு ஜெட்டைப் பெரிதாக்கினால் கோளாறு மறைந்து நிற்கும், ஒரு நாள் திரும்ப வரும். பைப், ஃபில்டர், பம்ப் மூன்றும் ஓரி நிலைக்கு வந்ததால், கையேட்டு ஜெட்டைவிட இரண்டு படி பெரிதில் ஆரம்பித்தோம். முழு திராட்டிலில் இன்ஜின் திக்கித் திக்கி, ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி துடித்தால் பெட்ரோல் அதிகம். ஒரு படி இறக்கி, சுத்தமாக இழுக்கும் இடம் வந்ததும், மூன்றாவது கியரில் முழு திராட்டிலில் ஓட்டி, அதே கணத்தில் கிளட்ச் பிடித்து ஸ்விட்சை அணைத்து, ஓரம் நிறுத்திப் பிளக்கைப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் ஓட விட்டுப் பார்த்தால் அந்த நிறம் பொய். கடைசியில் கையேட்டு ஜெட்டைவிட ஒரு படி மேலே நின்றது. பிளக் தேநீர் நிறம், எண் கையேட்டில் உள்ளது, இடைவெளி 0.7 மி.மீ.

விதி ஏன் இந்த மாடலை நிறுத்தியது

டூ ஸ்ட்ரோக்கில் எக்ஸாஸ்ட் போர்ட் திறந்திருக்கும்போதே புதுக் கலவை உள்ளே வந்து பழைய புகையைத் தள்ளுகிறது. தள்ளும்போது புதுக் கலவையின் ஒரு பங்கு எரியாமலேயே எக்ஸாஸ்ட் வழியே ஓடிவிடும். கார்புரேட்டர் வண்டியில் அது கால் பங்குக்கும் மேலே போகலாம். பெட்ரோல் செலவும் நாற்றமும் நீலப் புகையும் அதனால்தான். ஐரோப்பாவில் 150 சிசிக்குக் கீழான மோட்டார்சைக்கிளுக்கு 2006-இன் யூரோ 3 கிலோமீட்டருக்கு 0.8 கிராம் ஹைட்ரோகார்பன் வரை விட்டது. 2020-இல் வந்த யூரோ 5 அதை 0.1 கிராமாக்கியது. கேட்டலைசரால் ஓரளவு எரிக்கலாம், ஆனால் இவ்வளவு எரியாத பெட்ரோல் அதற்குள் வந்தால் அதுவே சூடாகி, எண்ணெய்ச் சாம்பலில் மூச்சடைக்கும். இந்த வண்டியில் நடந்தது அதுதான்.

மலேசியாவின் விதி புது மாடலை விற்கும் இடத்தில்தான் கதவை அடைத்தது. பழைய வண்டியை யாரும் பிடுங்கவில்லை. 150 சிசிக்கு உள்ளே என்பதால் ரோட் டேக்ஸ் வருடத்துக்கு இரண்டு வெள்ளிதான். தோட்டத்து ஓட்டுநருக்கு வலி வேறு இடத்தில் இருக்கிறது. உற்பத்தி நின்றதும் பாகங்கள் ஓரி, லோக்கல், போலி என்று மூன்றாகப் பிரிந்துவிட்டன. பழைய வண்டியின் விலையோ சேகரிப்பாளர்களால் ஐந்து இலக்கத்துக்குப் போய்விட்டது. 2024 செப்டம்பரில் திரெங்கானுவின் கோங் பாடாக்கில் ஆர்எக்ஸ்இசட் கூட்டத்துக்குத் திரண்ட மக்களைப் பார்த்தால் அந்த விலையின் காரணம் தெரியும். ஆலைக்குப் போகிறவரால் அந்த விலையில் இன்னொன்று வாங்க முடியாது. அதனால் இருப்பதைக் கையில் கிடைத்ததை வைத்து ஓட்டுகிறார்.

மாற்றாக ஃபோர் ஸ்ட்ரோக் காப்சாய் (சிறிய மோட்டார்சைக்கிள்) வாங்கலாமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பழைய 97 சிசி கார்புரேட்டர் ஹோண்டா இஎக்ஸ்5 இந்தத் தோட்டப் பாதைகளில் ஒரு தலைமுறையைச் சுமந்தது, அதன் இடத்தில் இப்போது இன்ஜெக்ஷன் வந்திருக்கிறது. பெட்ரோல் பாதி, புகை இல்லை, குளிரில் ஒரே உதை. ஆனால் பழக்கம் மாற வேண்டும். பேட்டரி செத்தால் பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றாமல் போகலாம், உதைத்துக்கொண்டே இருந்தாலும் ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். கார்புரேட்டரில் தண்ணீர் இறங்கினால் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி வடிகட்டிவிட்டுப் போகலாம்; இன்ஜெக்டரில் அப்படி முடியாது. கடையில் போத்தலில் விற்கும் பெட்ரோலை வடிகட்டாமல் ஊற்றக்கூடாது, தொட்டியைக் கால்பங்குக்குக் கீழே வற்றவிடக்கூடாது. மீட்டரில் எச்சரிக்கை விளக்கு சிமிட்டினால் அதை எண்ணிப் பார்க்க வேண்டும்: ஹோண்டாவில் நீண்ட சிமிட்டல் பத்து, குறும் சிமிட்டல் ஒன்று. அந்த எண்ணைப் பட்டறையில் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். எண்ணத் தெரியாமல் இன்ஜெக்டரையே மாற்றியவர்கள் உண்டு.

அவர் ஆர்எக்ஸ்இசட்டையே வைத்துக்கொண்டார்.

500 கிலோமீட்டர் வரை பாதி திராட்டிலுக்கு மேல் போகாமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நிமிடம் சூடாக விட்டுக் கிளம்பச் சொன்னோம். அந்தத் தூரம் ஓடி வந்ததும் எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றிப் போர்ட் வழியே பிஸ்டனைப் பார்த்தோம். பக்கத்தில் கீறல் இல்லை, ரிங் போர்ட்டில் மாட்டிய தடம் இல்லை. கசிவுச் சோதனை மறுபடி செய்தோம்: ஆறு நிமிடத்தில் 6-லிருந்து 5 பிஎஸ்ஐ. கோடு போட்ட டூ-டி தொட்டியில் எண்ணெய் இறங்கியிருந்தது, பெட்ரோலில் கலப்பதை நிறுத்தினோம். துடுப்புகளில் சேறு சேராமல் வாரம் ஒரு முறை தண்ணீர் அடிக்கச் சொன்னோம், ஆறிய பிறகு. அடுத்து இடது சீலும் யெய்ஸ் குழாயும் இன்னொரு ஜோடி வாங்கி வீட்டில் வைத்திருக்கிறார், ஓரி பெட்டியிலேயே, வெயில் படாத இடத்தில்.